ஒரே புள்ளியில் இரண்டு பேர்

மார்ச் 3, திங்கள்

புது டேட்டாபேஸ் வந்து இறங்கிவிட்டது. இனி இந்த மாதம் முழுக்க நான் மாமியார், அது மருமகள். என்ன செய்தாலும் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. ஒரு சிறுநீரகம் கிடைத்ததும் மருத்துவமனையில் ஒரு பட்டனை அழுத்துவார்கள். டேட்டாபேஸ் எல்லோரையும் இரத்த வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் டாக்டர்கள் போட்ட புள்ளி கூடியவர் மேலே வரும்படி அடுக்கி, முதல் சிலரை மட்டும் எடுத்துக் காட்டும். பழையது கடைசி ஆள் வரை அடுக்கி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கும். புதியது கெட்டிக்காரி. புத்தகத்தின் பின்பக்கப் பட்டியல் மாதிரி முன்கூட்டியே அடுக்கி வைத்த இன்டெக்ஸ் இருந்தால், அதிலிருந்து வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் தொடாமலே விட்டுவிடுகிறாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில்.

வேகம் சரி. பழைய பதிலேதான் வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

தம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு டயாலிசிஸ். நர்ஸ் ஊசியைக் குத்தும்போது அவரிடம் கேட்கிறான்: "சிஸ்டர், வாரத்துல மூணு நாள் என் ரத்தம் இந்த மெஷினோட வீட்லதானே இருக்கு. நான் வாடகை தரணுமா?" நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

முன்பெல்லாம் அந்த ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எதுவும் உறைப்பதில்லை. அன்றைக்கும் அழவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்து வைத்தேன். கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். இதற்கு எதை உதறுவது?

மார்ச் 5, புதன்

எல்லா டெஸ்டும் பாஸ். மதியம் சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கு ஒன்று இடித்தது. ஒரே ஒரு இரத்த வகையில், முதல் இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கின்றன.

இருவருக்கும் ஒரே புள்ளி. சமமாக இருந்தால் யார் முன்னே என்று, டேட்டாபேஸிடம் கேட்க நாங்கள் எழுதிய கேள்வியில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. பழையது பதிந்த வரிசையிலேயே படித்துக்கொண்டு போகும், அதனால் முன்னால் பதிந்தவர் தானாக மேலே நின்றார். அதுதான் விதி என்று இத்தனை வருஷமும் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். யாரும் அப்படி ஒரு விதி போடவே இல்லை. புதியது இன்டெக்ஸிலிருந்து உருவுகிறது. அதில் புள்ளிக்கு அடுத்தபடியாக இருப்பது நோயாளியின் மருத்துவமனை எண். சின்ன எண் மேலே வந்துவிடுகிறது.

டெஸ்டுக்குத் தரும் நகலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தேன். டயாலிசிஸ் ஃபைலின் மேல் வாரம் மூன்று முறை பார்க்கும் எண். தம்பி.

பட்டியலில் சேர்ந்தது என்னவோ இன்னொருவர்தான் முன்னால். ஆனால் தம்பி ஏழு வயதில் மதில் சுவரிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டான். அன்றைக்கு மருத்துவமனையில் கொடுத்த எண் அது, அதனால்தான் சின்னது. சுவர் ஏறிக் குதித்ததற்குச் சிறுநீரகத்தில் முன்னுரிமை! இதைச் சொன்னால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அடுத்து வரும் சிறுநீரகம் யாருக்கு என்பது இந்த இரண்டு வரியில் இருக்கிறது. எனக்கு நெஞ்சு படபடக்க வேண்டும் இல்லையா? டீ எடுத்து வரப் போனேன்.

மார்ச் 10, திங்கள்

எங்கள் டீம் லீடருக்கு அவசரம் என்று பேர் வைத்திருக்கிறோம். எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையில்தான் முடிப்பார். அவரிடம் போய் இரண்டு வரிகள் மாறுவதைக் காட்டினேன். யாருடைய வரி என்று காட்டவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளிதானே? அப்ப ரெண்டு பதிலும் சரிதானே?"

"சரிதான் சார். ஆனா யாராவது ஒருத்தர்தான் முதல்ல வர முடியும்."

"அப்ப ரெண்டாவது நிபந்தனை ஒண்ணு நீங்களே போட்டுடுங்க. எது வேகமோ அது. அவசரம்."

நீங்களே போட்டுடுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பதிவுத் தேதியை நிபந்தனையாகப் போட்டால் இன்டெக்ஸ் போதவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்குகிறது, நேரம் இழுக்கிறது. எண்ணைப் போட்டால் அடுக்கும் வேலையே இல்லை, பறக்கிறது. தம்பி முதலில்.

நான் பொய் சொல்லவே வேண்டாம். எது வேகமோ அது என்று கேட்டார்கள், இதுதான் வேகம். நாளை யார் வந்து தோண்டினாலும் என் மேல் ஒரு தூசி ஒட்டாது. எண்ணைப் போட்டு எழுதி முடித்துவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி.

சாயங்காலம் டயாலிசிஸில் தம்பிக்குக் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தான். பிடித்துவிட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அங்கே ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரும் யாருடைய எண்ணுக்கோ கீழே இருப்பவர்தானே. அந்த இன்னொருவர் இவராகவே இருந்தால்? எந்த நாற்காலியாக இருந்தால் என்ன, எங்கேயோ ஒன்றில் அவரும் இருக்கிறார். அவர் கையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

மார்ச் 12, புதன்

அனுப்பவில்லை. அவசரத்தின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் என் தம்பி சார். இதை நான் முடிவு பண்ணக் கூடாது. யாரும் இங்க உக்காந்து முடிவு பண்ணக் கூடாது. டாக்டர்கள் குழுவைக் கேளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "ஏம்மா, நேத்தே அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சேயிருக்காதே" என்றார். தெரியும் சார் என்றேன். அவர் அவசரம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் ஒரு பேச்சை முடித்தது இதுதான் முதல் தடவை.

பெருமையாக இருக்கிறதா? இல்லை. ஒன்றுமே இல்லை.

மார்ச் 13, வியாழன்

தம்பியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? மெஷினில் இருக்கும்போது, எழுந்து போக முடியாதபோது சொன்னேன். சுவர் ஏறிக் குதித்த கதையைச் சொன்னபோது சிரித்தான். மீதியைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"போட்டிருக்கலாம்ல அக்கா?"

"போட்டிருக்கலாம்டா."

"வேகமானதைத்தானே கேட்டாங்க. போட்டிருக்கலாம்ல?"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 15, சனி

இன்னும் பேசவில்லை. ஃபைலை அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான்.

மார்ச் 19, புதன்

குழுவின் பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி. புள்ளி சமமானால் முன்னால் பதிந்தவருக்கே முதலிடம். நானே உட்கார்ந்து தேதியைச் சேர்த்தேன், நானே ஓட்டினேன். தம்பி இரண்டாவது வரிக்கு இறங்கினான். தேதியையும் சேர்த்து ஒரு புது இன்டெக்ஸ் போட்டதும் இதுவும் பறக்கிறது. வேகம் ஒரு சாக்கே இல்லை, அரை மணி நேர வேலை. டெஸ்ட் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 22, சனி

தம்பி பேசினான். "அக்கா, போர்வை." அவ்வளவுதான். போர்த்திவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

மாதம் பிறந்ததால் பட்டியலின் புது நகல் வந்தது. டெஸ்ட் ஓட்டினேன். முதல் வரியில் தம்பி. அவனோடு சமமாக இருந்த எண் இரண்டாவது வரியில் இல்லை. தேடினேன், எங்கேயுமே இல்லை.

பட்டியலிலிருந்து ஒரு பெயர் போவதற்கு இரண்டு வழிதான் உண்டு. எந்த வழி என்பது டேட்டாபேஸில் வேறொரு அட்டவணையில் இருக்கும், அதைத் திறக்க எனக்கும் அனுமதி இல்லை, அவசரத்துக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தம்பி டிவி முன்னால் இருந்தான். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கியிருந்தான்.

"இப்ப நீதான்டா முதல்ல."

குதிப்பான் என்று நினைத்தேன். ஐஸை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அந்த ஆளுக்குக் கெடச்சிடுச்சா?"

"தெரியலடா."

"கேட்டுச் சொல்லேன்."

"கேக்க முடியாது."

என் பக்கம் திரும்பி, "கெடச்சிருக்கும்ல அக்கா?" என்றான். சின்னப் பையனாக இருந்தபோது கேட்பானே, அந்தக் குரல்.

கிடைத்திருக்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு ஆளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன், நிறுத்த முடியவில்லை. தம்பி டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.