அடி வாங்கியும் சாகாத டிஸ்க்

ஐப்பசி, வியாழன். காலையில் தூறல், பிறகு வெயில்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் தையிலேயே சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துக் காணித் தவராசா வேலியடைக்கத் தொடங்கினால் கதியால் நகரும், கதியால் நகர்ந்தால் கத்தி வரும் என்று அத்தானுக்கு விரல் நீட்டிச் சொன்னவன் நான். இன்று வந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு முன். தவராசா புதுக் கதியால் தடிகளை ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நட்டிருந்தான். அத்தான் பிடுங்கினார். அவன் நட்டான். மறுபடி பிடுங்கினார். வேலி வெட்டக் கொண்டுவந்த காட்டுக்கத்தி கீழே கிடந்தது. பிறகு அது கிடக்கவில்லை. அத்தானுக்கு நெற்றி பிளந்து கண்ணெல்லாம் இரத்தம். தவராசாவுக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டு. ஒரே கத்தி, இரண்டு பேரையும் குடித்தது. நான் மட்டும் அலவாங்குக் கம்பியோடு பாய்ந்து இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி எறிந்திராவிட்டால் இரண்டு பிணம். அக்கா என்னவென்றால், "நீ கக்கூசுக்குள்ளை நிண்டெல்லோ கத்தினனி" என்கிறார். இரத்தத்தைக் கண்டால் பெண்களுக்கு நினைவு குழம்பும்.

தவராசா ஆஸ்பத்திரியில். அத்தான் தையல் போட்ட கையோடு பொலிசில். யார் முதலில் கத்தி ஓங்கியது? இனி வழக்கே அதுதான்.

கனடாவில் இருக்கும் தம்பி வாங்கித் தந்த கமெரா மாமரத்தில் வேலியைப் பார்த்தபடி. சத்தம் பிடிக்காது, படம் மட்டும். படம் போய் விழுவது வீட்டுக் கொம்பியூட்டரில், நான் அடம்பிடித்துப் போடுவித்த எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க்கில்.

பின்னேரம் சந்தித் தேநீர்க் கடை. பத்துப் பேர். (முப்பது என்றும் எழுதலாம்.) எல்லாருக்கும் சொன்னேன்: படத்தை நானே போட்டுப் பார்த்தேன், தவராசாதான் ஓங்கினான், கத்தி மினுங்கினது கூடத் தெரிகிறது. வாய் பிளந்து கேட்டார்கள். தேநீர் இலவசம். எங்கள் வழக்குப் பேசும் அப்புக்காத்தரிடமும் அப்படியே சொல்லியாயிற்று.

வெள்ளி. நல்ல மழை.

மைம்மல் நேரம், விளக்கு வைக்கிற பொழுது. தவராசாவின் ஆட்கள் நாலு பேர், முகத்தில் துவாய். வாசல் படலையை உதைத்து உள்ளே வந்து, "எங்கையடி அந்தப் படம்?" என்று அக்காவின் கையை முறுக்கினார்கள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கொம்பியூட்டரை மேசையிலிருந்து இழுத்து விழுத்தி அலவாங்கால் அடி. திரை தூள். பெட்டி சப்பளிந்து போயிற்று. ஒருவன் மேலே ஏறி மிதித்தான். சாமிப்பட அலுமாரிக் கண்ணாடியும் போயிற்று.

நான் கட்டிலுக்குக் கீழே இருந்து அவர்களின் செருப்புகளை அடையாளம் பிடித்தேன். சாட்சிக்கு உதவும்.

சனி. மப்பு.

அக்காவின் மகள், என் மருமகள் தர்சினி பருத்தித்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். அங்கே படிப்பிக்கிறாள், கிழமைநாள் முழுக்க அங்கேதான் தங்கல். அக்காவின் மாக்கட்டுக் கையைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நேரே என்னிடம்.

"மாமா, உந்தப் படத்தை ஃபோனுக்கு எண்டாலும் மாத்தி வைச்சனீங்களோ?"

எஸ்.எஸ்.டி. இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும் என்றேன். அவள் பார்த்த பார்வை அலவாங்கைவிட மோசம்.

பெட்டியைக் குறட்டால் பிரித்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எங்கள் திருநெல்வேலிக் கொம்பியூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரன் றமணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பழைய ஹாட் டிஸ்க் எண்டால் நான் தொட்டே பாக்கமாட்டன், ஐயா. உதுக்குள்ளை சுத்துறதுக்கு ஒண்டுமில்லை, அதாலை தப்பியிருக்கும். வயர் கொழுவுற பல்லுத்தான் உடைஞ்சிருக்கு. ஒட்டிப் பாக்கிறன், செவ்வாய்க்கிழமை வாங்கோ."

இதையே நான் போன வருசம் சொன்னேன். என் முடிவுகள், மறக்காமல் இருக்க:

வீட்டுக்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம் நல்லது. கொம்பியூட்டர் கண் மூடித் திறக்குமுன் எழும்பும். சூடு குறைவு. விழுந்தாலும் மிதித்தாலும் தாங்கும் (நாலு பேர் பரிசோதித்தாயிற்று).

கெட்டது ஒன்று. ஹாட் டிஸ்க் சாகமுன் நாள் கணக்கில் முனகும், கரகரக்கும், நாங்கள் ஆயத்தம் செய்யலாம். இது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கரண்ட் கூடிக் குறைந்தாலே போதும். அதனால் இன்னொரு பிரதி வேண்டும் என்று றமணன் சொன்னான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு. வெயில், புழுக்கம்.

தவராசாவின் மனைவி படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. அவர் வழக்கை வாபஸ் வாங்குகிறாராம், நாங்களும் வாங்கினால் கதியாலைப் பழைய இடத்துக்கே மாற்றுவார்களாம், அக்காவின் கைக்கு வைத்தியமும் பார்ப்பார்களாம். அக்கா சம்மதிக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் விடுவேனா? எங்களிடம் படம் இருக்கிறது, உன் புருசனை உள்ளே தள்ளாமல் விடமாட்டோம் என்றேன்.

"அண்டைக்கு உதிலை என்ன படம் இருக்கும், அண்ணை?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

அக்கா முற்றத்தில் நிற்கிறார். "நீ பாத்தனிதானே? வடிவாப் பாத்தனிதானே?"

ஓம் என்றேன்.

திங்கள். மழை.

நீதிமன்றம். வழக்கு அடுத்த தவணைக்குப் போயிற்று. அந்தப் படம் கையில் வந்தால் பிணை எடுப்பது லேசு என்கிறார் அப்புக்காத்தர். அத்தான் திரும்ப மறியல் சிறைக்கு. நெற்றித் தையல் பிரிந்து சீழ். உள்ளே படுக்கப் பாய் பிடிக்கிற சண்டையில் எவனோ தையலைப் பார்த்தே குத்தினானாம். பிறசர் குளிசையும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஆள் பாதியாகிவிட்டார். வண்டியில் ஏறும்போது என்னிடம், "படத்தை மட்டும் விட்டிடாதை" என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை. (இடியப்பம் பத்துத்தான்.)

செவ்வாய். விடியத் தொடங்கிய மழை, விடவில்லை.

றமணன் வென்றுவிட்டான். டிஸ்க் உயிரோடு. ஒரு படமும் போகவில்லை. புதன் காலை: காகம், அக்கா, வாழைக்குலை, எல்லாம் துப்புரவாக. வியாழனைத் திறந்தான். அக்கா, லீவு போட்டு நின்ற தர்சினி, அத்தானின் தம்பி சிவம், நான், எல்லாரும் திரைக்கு முன்னால்.

விடிய வேலி தெரிந்தது. பிறகு நீலக் கோடு. கோடு, கோடு, கோடு. பொலிஸ் போகும் நேரம் வரைக்கும் திரை முழுக்க நீலக் கோடு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்: "டிஸ்க்குக்கு அடி விழுந்தால் இப்பிடித்தான் கோடு விழும்."

றமணன் நெற்றியைச் சுருக்கினான். "மற்ற நாள் எல்லாம் நல்லாக் கிடக்கே, ஐயா?"

"அலவாங்கு பட்ட இடம் அந்த வியாழன்தான்," என்றேன்.

அக்கா நம்பினார். சிவமும் நம்பினான். தவராசாவின் ஆட்கள் படத்தை அடித்தே அழித்துவிட்டார்கள், அண்ணனை இனி வெளியே எடுக்க வழியில்லை என்று வரும் வழி முழுக்கப் பல்லைக் கடித்தான். தவராசாவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சிவம் இப்போது கிணற்றுக்கட்டில் கத்தி தீட்டுகிறான். மற்றக் கையையும் எடுப்பானாம். தர்சினி மறித்தாள், தள்ளிவிட்டான், அவள் உதடு வெடித்துவிட்டது.

நான் அறைக்குள். இதை எழுதுகிறேன்.

தவராசாவின் மனைவி தங்கள் கிணற்றடிக்குக் குளிக்க வரும்போது கமெராவின் முகத்தை மூடுவது இரண்டு வீட்டுக்கும் உள்ள ஒப்பந்தம். பேச்சு முறிந்த பிறகும் அது முறியவில்லை. கூப்பிட்டுச் சொல்வாள், அத்தான் போய்த் துணி போடுவார், பிறகு எடுப்பார். வியாழன் அத்தானுக்கு வேலியில் வேலை. நான் போட்டேன். என் நீலக் கோடு போட்ட சாறம். அக்கா அடுப்படியில், காணவில்லை. அவள் குளித்துவிட்டுப் போன பிறகு எடுக்க மறந்தேன். பொலிஸ் போனபின்தான் எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

டிஸ்க்கில் ஒரு பிழையும் இல்லை. கண்டதைக் கண்டபடி வைத்திருக்கிறது.

தீட்டும் சத்தம் நின்றுவிட்டது. படலை திறக்கிறது. அக்கா சிவத்தின் பேரைச் சொல்லிக் கத்துகிறார்.

தவராசா கத்தி ஓங்கியதை நான் பார்க்கவில்லை. படத்திலும் இல்லை, நேரிலும் இல்லை. அது நான் கட்டிய கதை.