அடக்கத் தாளில் ஒரு வரி

2013 மார்ச் 11, திங்கள்
இன்றைக்குக் கை: பால் புட்டி மூடி திறக்கவில்லை. பல்லால் திறந்தேன்.
தினமும் இப்படி எழுதி வைக்கச் சொன்னது நர்ஸ். "கை எதைச் செஞ்சுது, எதைச் செய்யல. ஒரு வரி போதும், மிஸ் ஒலீட்டா." பத்தொன்பது வருஷம் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் கத்தி பிடித்த கை. இப்போது பென்சில் நழுவுகிறது.
என் புருஷன் ரோஸ்கோ போய்ச் சேர்ந்து ஐந்து வாரம். அவர் நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை.

மார்ச் 14
ஊனமுற்றோர் உதவிக்கு விண்ணப்பம் எழுதினேன். பக்கம் பக்கமாகக் கேள்வி. வேறு யாரையாவது பராமரிக்கிறீர்களா, பராமரித்தீர்களா என்று ஒன்று. 'என் கணவருக்குப் பக்கவாதம்' என்று எழுதுவதற்குள் விரல் மடங்கிக்கொண்டது. அடக்க ஆராதனையில் எல்லாருக்கும் கொடுத்தோமே, அந்தத் தாளை அங்கே ஒட்டிவிட்டேன். நாத்தனார் வெர்னெல் அதில் அழகாக எழுதியிருந்தாள்: "கடைசிவரை அவர் மனைவி தன் இரு கைகளாலும் அவரைத் தூக்கிச் சுமந்தாள்." சபையே எழுந்து ஆமென் சொன்ன வரி.
உண்மையா என்றால் — அதை இங்கே எழுத மாட்டேன்.

மே 30
இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மே 31
நேற்று எழுத முடியவில்லை. கடிதத்தை நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் அனுப்பிய தாளின்படி, நோயாளியான கணவரைக் கைகளால் தூக்கிப் பராமரித்திருக்கிறேனாம். ஆகவே என்னால் வேலை செய்ய முடியுமாம். அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.
என் புருஷனின் அடக்கத் தாளே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.
இது கிடைக்காவிட்டால் இந்த வீட்டை விட வேண்டும். எங்கே போவேன்?

ஜூன் 6
வக்கீல் டில்மன் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நெசமாவே தூக்குனீங்களாம்மா?"
தலையை ஆட்டினேன், இல்லை என்று.
"அப்போ நடந்ததை நடந்தபடி சொல்லணும். முதல்ல மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேப்போம். அதுவும் இல்லைன்னா நீதிபதிகிட்ட. இதை எழுதினவங்களும் வந்தா நல்லது."
எழுதியவள் வெர்னெல். ரோஸ்கோவின் அக்கா. அவள் முன்னால் எப்படிச் சொல்ல?

ஜூன் 9, ஞாயிறு
கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவே வெர்னெல் கத்தினாள். "அடியே, என் தம்பியைத் தூக்குன கைக்கே இல்லைன்னுட்டானாமே! வேற எந்தக் கைக்குடா கொடுப்பீங்க?"
எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2
மறுபடியும் மறுப்பு. இனி நீதிபதிதான்.

2014 ஜூலை 15
நாளை ஜாக்சன் நகரில் விசாரணை. கார் இருப்பது வெர்னெலிடம். "நானும் உள்ள வருவேன், ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் வருவேன்" என்கிறாள்.
சரி. எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நாளைக்கு வாய் வரும்.
அன்றைக்கு மதியம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். கை விட்டுவிட்டது. சமையலறைத் தரையில் விழுந்தார். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், விரல் பிடிக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றேன். "வேணாம் ஒலீ, தெருவே வேடிக்கை பார்க்கும். அக்காவைக் கூப்பிடு" என்றார். மூன்று தடவை போன் அடித்தேன். வெர்னெல் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு லூதர் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்து தூக்கினான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.
அவர் பேச்சை நான் ஏன் கேட்டேன்?

ஜூலை 16
சின்ன அறை. நீதிபதி ஒரு பெண். எந்த வேலைக்கு யார் ஆவார்கள் என்று சொல்ல ஒருவர், தொலைபேசியில். என்னால் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் வேலை செய்ய முடியுமாம். பின்னாலிருந்து வெர்னெல், "டிக்கெட்டா! பிஸ்கட் பாக்கெட்டையே பல்லால கிழிக்கிறவ அவ" என்றாள். உங்கள் முறை வரும் என்று நீதிபதி அடக்கினார்.
பிறகு அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கறது உண்மையாம்மா?"
சொன்னேன். தரை. மதியத்திலிருந்து ஐந்து மணி வரை. வெர்னெலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று தடவை போன் அடித்ததை மட்டும் சொல்லவில்லை.
வெர்னெலைக் கூப்பிட்டார்கள். கைப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.
"அந்த வரியை எழுதினது நான். அவ தூக்கி நான் பார்த்ததே இல்லை." கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "அன்னைக்கு மூணு தடவை போன் அடிச்சுது. பார்த்தேன். எங்கயாவது கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்வாங்கன்னு எடுக்கல. ஏன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல. அதை மூடத்தான் இவ்வளவு பெருசா எழுதினேன்."


ஜூலை 27
கோயிலுக்கு வெர்னெல் வரவில்லை.

ஆகஸ்ட் 19
இன்றைக்குக் கை: கதவுக் குமிழ் திருகவில்லை. தபால் பெட்டி காலி.

அக்டோபர் 7
மதியம் கடிதம் வந்தது. உறையைக் கிழிக்க வரவில்லை. வெர்னெலுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.
வந்து பிரித்தாள். உதட்டை அசைத்து முழுதும் படித்தாள். "கொடுத்துட்டாங்கடி" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "அவன் விழுந்தது எந்த இடம்?" என்று கேட்டாள்.
அடுப்புப் பக்கம் காட்டினேன். சுவரைப் பிடித்து, முழங்கால் வலிக்க வலிக்க, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "உட்கார்ந்துட்டேன். இனி என்னை எவ எழுப்புறது?" என்றாள்.
என்னால் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லூதர் வர ஐந்து மணி ஆனது.