வாட்ச்சில் கோளாறு இல்லை

சேலையூர்,
9.11.1975

என் அன்பு மகன் ஏசுதாசனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் காத்துவர இங்கே எல்லாரும் சுகம், பஹ்ரைனில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெயிலில் அலையாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. இதை நானே எழுதுகிறேன், நாலாம் வகுப்புப் படிப்புதான், பிழை இருந்தால் சேர்த்து வாசித்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன், நான் அனுப்பின வாட்ச்தான் அப்பாவைக் கொன்றது, அவர் கல்லறைக்கு முன்னால் நிற்க எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவும் வருகிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்கிறார், ஃபாரின் வாட்ச்சாம், பத்து நிமிஷம் ஸ்லோவா ஓடி எங்க அண்ணனைத் தண்டவாளத்துல ஓட வெச்சுடுச்சு என்று. அவர் என்னைக் குறையில்லாமல்தான் வைத்திருக்கிறார். மெட்டில்டா சித்தி என்னை ஒரு வேலை தொடவிடுவதில்லை, நீங்க பட்டது போதும் அண்ணி, ஒக்காருங்க என்கிறாள். வீட்டு வாசல் கேட்டைத் தாண்டினால் பின்னாலேயே ஆள் வந்துவிடும். காலை எட்டு மணிக்கு ரயில் கூவினால் ஓடிவந்து ஜன்னலைச் சாத்துகிறார்கள். சாத்தின அறையில் நாற்காலியில் நான். பாவம் பாவம் என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு முட்டுகிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் சாமான்களோடு அந்த வாட்ச்சையும் கொடுத்தார்கள் அல்லவா, கண்ணாடி விரிந்து, முள் எட்டு இரண்டில் ஓடாமல் நின்றிருந்தது. வாட்ச் கடைக்காரர் இது செல் போட்ட வாட்ச், எனக்குப் பழக்கமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போன வாரம் தசரதன் வந்தார், கேம்ப் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்வாரே, அப்பாவின் சிநேகிதர், அவர்தான். நான் தொறந்து பாக்கறேன் சார் என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார். பின்பக்க மூடியில் ஒரு பள்ளம், அதில் நாலணாக் காசை வைத்துத் திருகினார், கழன்றது. சட்டைப் பித்தான் அளவு செல்லை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்து, இதுல உயிர் கீதும்மா என்றார். செல்லை அழுத்திப் பிடிக்கிற சின்னத் தகடு விழுந்த அடியில் வளைந்திருந்தது. சின்ன இடுக்கி போன்ற இரும்புச் சாமணத்தை உள்ளே விட்டார், சக்கரத்திலிருந்த காந்தம் அதை லபக்கென்று இழுத்துக்கொண்டது. இன்னாடா இது, என் மாமியா மாதிரி புட்சா வுட மாட்டேங்குது என்றார். சித்தி சிரித்துவிட்டாள், என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு உருவிச் சீவி, அதைக்கொண்டே தகட்டை நிமிர்த்திச் செல்லைப் போட்டார். சக்கரம் ஒரு தரம் நடுங்கி ஓட ஆரம்பித்தது.

மூன்று நாள் ரேடியோப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அரை நிமிஷம்கூடத் தப்பவில்லை. அப்போ அன்னிக்கு மட்டும் ஏன் பத்து நிமிஷம் பின்னால என்று சித்தப்பா விடவில்லை. தசரதன் யோசித்து, யார்னா முள்ளு வெக்கிற பக்கத்துத் திருகை வெளிய இழுத்து நிறுத்தி, மறுபடி தப்பா முள்ளு வெச்சாத்தான் சார் அப்டி ஆவும் என்றார். ஓடுற வாட்ச்சை நிறுத்த எங்க அண்ணன் என்ன பைத்தியமா என்று சித்தப்பா சத்தம் போட்டார். நான் காபி டம்ளரோடு அங்கேயே நின்றிருந்தேன்.

என் ராஜா, நிறுத்தியது நான். செல் இந்த ஊரில் கிடைக்காது, தீர்ந்தால் நீதான் அங்கிருந்து அனுப்ப வேண்டும், பிள்ளைக்கு ஏன் சிரமம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து அப்பா அதைக் கழற்றி அலமாரியில் வைத்ததும் திருகை இழுத்துவிடுவேன், திங்கட்கிழமை காலை ரேடியோச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரியாக வைத்து அழுத்துவேன். அப்பாவுக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை மழை, கரண்ட் இல்லை, ரேடியோ பாடவில்லை. பால்காரர் கோதண்டம் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு மணியடிப்பவர், அவர் வந்ததும் ஆறு என்று வைத்துவிட்டேன். மழையில லேட்டாப் பூடுச்சும்மா என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது, மனதில் வாங்கவில்லை. அப்பா அந்த வாட்ச்சை நம்பி நிதானமாகப் புறப்பட்டார், எட்டு பன்னிரண்டு வண்டி உள்ளே வருவதைப் பார்த்ததும் மேம்பாலம் ஏறாமல் குறுக்கே ஓடிவிட்டார்.

நீ அனுப்பின பொருளில் ஒரு குற்றமும் இல்லை, உன் மேலும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று, இந்த வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உறையை ஒட்டித் தசரதனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். நீ போடும் பதிலைச் சித்தப்பாதான் பிரித்து எல்லாரையும் உட்காரவைத்து உரக்க வாசிப்பார், அது உனக்குத் தெரியும். அதனால் நீயே அதில் எழுது. சுகம் விசாரிக்கும் முன்னால் முதல் வரியிலேயே, அம்மாதான் வாட்ச்சை நிறுத்தினார்கள் என்று எழுது. கோபம் வந்தால் கோபத்தோடேயே எழுது. அவர் வாசிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன்.

தேவன் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. டிசம்பர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மறுபடி வாங்கு, மறந்துவிடாதே.

உன் அம்மா
தபீதாள்