ஏழாம் கட்டிலின் இராச் சாப்பாடு

12-6-72, திங்கள்

காலை ஏழுக்கே அனல். வார்டில் இரண்டு விசிறி, ஒன்று சுற்றவில்லை. சென்னையில் பயிற்சி முடித்து வந்து ஐந்தாம் நாள். அங்கே கொடுத்த நாலு பக்கத் தாளை இன்று துணிந்து எடுத்தேன். உடம்பு, சாப்பாடு, தூக்கம், வேலை, வீடு, கவலை, சாமி என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கப்புறம்தான் இந்த ஆளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று திட்டம் போட வேண்டும்.

ஹெட் சிஸ்டருக்குச் (இனி ஹெ.சி., கை வலிக்கிறது) சிரிப்பு. "ஏம்மா ஜெயா, நீ நர்ஸா, ஜோசியரா? ஜாதகம் எழுதிக்கினு உக்காந்துக்கிற!"

சிரிக்கட்டும்.

கட்டில் 7. பத்மாவதி அம்மாள், 58 வயது, திருப்பருத்திக்குன்றம். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினம் ராத்திரி எட்டு மணி வாக்கில் வியர்வை, உளறல், மயக்கம். நைட் சிஸ்டர் சர்க்கரைக் காபி ஊற்றித் தெளிய வைக்கிறாள். விடிந்து சிறுநீரைச் சோதித்தால் செங்கல் நிறம், சர்க்கரை எக்கச்சக்கம். டாக்டர் நேற்று இரண்டாம் தடவையாக இன்சுலினைக் கூட்டினார். "திருட்டுத்தனமா தின்னுது" என்கிறார். வார்டு ஆயா வேறு: "யாரோ கோயில் இட்லி கொண்டாந்து குடுக்கறாங்க சிஸ்டர்." தலையணையைப் புரட்டித் தேடினார்கள். ஒரு பருக்கை கிடைக்கவில்லை. அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

வாங்க: மை, ஊக்கு, அம்மாவுக்குத் தைலம்.

13-6, செவ்வாய்

தைலம் மறந்தேன். திட்டு.

காலை பத்து மணி, தாளோடு ஏழாம் கட்டில். முதல் பக்கம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் பக்கம்: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"ராத்திரியா? நாங்க ஜைனருங்கம்மா. பொழுது சாஞ்சா தண்ணிகூடத் தொடமாட்டேன்."

"அப்ப ஏழு மணிக்குத் தர்ற தட்டு?"

எட்டாம் கட்டிலைக் கண்ணால் காட்டினார். அங்கே கால் முறிந்து படுத்திருக்கிற தறிக்காரர் வீட்டுப் பெண் திருதிருவென்று விழித்தாள். "நான்தான் சிஸ்டர் துன்னுக்கினு இருக்கேன். வீணாப் போவுதேன்னு குடுத்தாங்க."

அடக் கடவுளே. மாலை ஆறரைக்கு இன்சுலின், ஏழுக்குச் சாப்பாடு. இவர் பகல் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டதோடு சரி. வெறும் வயிற்றில் ஊசி! மயக்கம் வராமல் வேறு என்ன வரும்? அப்படிச் சர்க்கரை சடாரென்று இறங்கினால் உடம்பு மிரண்டு தானே ஏற்றிக்கொள்ளும், அதன்மேல் அந்தக் காபி. காலையில் பார்த்துவிட்டு இன்னும் கூட்டுகிறார்கள். இன்னொரு தடவை கூட்டினால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொன்னார். இருட்டில் வாயில் காபி போய்விட்டதே என்று மறுநாள் காலை பட்டினி கிடக்கிறாராம், பரிகாரமாக.

"இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"யாரும்மா கேட்டாங்க?"

செருப்பால் அடித்தது போல இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு மாலையும் காலித் தட்டைப் பார்த்துவிட்டு "சாப்பிட்டார்" என்று எழுதியது நான்தான். என் கையெழுத்து.

பதினோரு மணிக்கு டாக்டரிடம் சொன்னேன். தாளைத் தொடக்கூட இல்லை. "மருந்து என் பொறுப்பு, நேரம் ஆஸ்பத்திரி நேரம். சாப்பிடச் சொல்லு." ஹெ.சி.: "ஆளுக்கொரு கடிகாரம் மாட்ட முடியுமா?" மாட்டினால் என்ன?

மாலை ஆறரை. ஊசியைக் கொதிக்கவே வைக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: "இன்சுலின் போடவில்லை. நோயாளி இரவு உண்பதில்லை. ஜெயலட்சுமி." எழுத்து கோணல், ஆனால் படிக்க முடிகிறது.

14-6, புதன்

தூக்கமே இல்லை. ஆறே காலுக்கே போய் நின்றேன். நைட் சிஸ்டர் கொட்டாவியோடு: "ஏழா? அசையாம தூங்குச்சுப்பா." முதல் தடவை!

சோதனை: ஆரஞ்சு, சர்க்கரை ஒரு படி இறங்கியிருக்கிறது. செங்கல் இல்லை.

டாக்டர் குறிப்பேட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அளவைப் பழையபடி குறைத்தார், 6.30-ஐ அடித்து 5 என்று எழுதினார். சந்தோஷத்தில் அழுகை வந்தது, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மெமோ. டாக்டர் உத்தரவை மீறியதற்கு நாளை பத்து மணிக்குள் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. மாற்றி எழுதியதும் அவர்தான், மெமோ தரச் சொன்னதும் அவர்தான். நன்றாக இருக்கிறது நியாயம்!

மாலை ஐந்துக்கு ஊசி. அந்த அம்மாளின் மருமகள் குதிரை வண்டியில் கொண்டுவந்த சோறும் பருப்பும் கீரையும் ஐந்தரைக்கு. நான் எதிரில் உட்கார்ந்து கடைசிக் கவளம் வரை பார்த்தேன். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. எட்டாம் கட்டில்காரி: "எனக்குத்தான் நஷ்டம்." எல்லாரும் சிரித்தோம்.

15-6, வியாழன்

தூறல். மண் வாசனை.

மயக்கம் இல்லை. சோதனை: பச்சை, சர்க்கரை துளிதான்.

ஹெ.சி. தனியாகக் கூப்பிட்டு: "ஒரு வரிதானேம்மா. வருந்துகிறேன்னு எழுதிக் குடுத்துடு. வேலைக்கு உலை வெச்சுக்காத." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா போனதிலிருந்து வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான், அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வெள்ளைத் தாள் வாங்கி உட்கார்ந்தேன். எழுதியது, இங்கேயும் நகல்:

"சனி, ஞாயிறு இரு நாளும் ஏழாம் கட்டில் நோயாளி இரவு உணவு உண்டதாக, கேட்காமலே எழுதியதற்கு வருந்துகிறேன். செவ்வாய் மாலை ஊசி போடாததற்கு வருந்தவில்லை. இணைப்பு: நாலு பக்கம்."

பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் மேசைமேல் வைத்தேன். டாக்டர் படித்தார், மறுபடி படித்தார். நடவடிக்கை உண்டா, இல்லையா, இன்னும் தெரியாது.

மூன்றாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருக்கிறது. சென்னையில் கொடுத்த கேள்வித் தாள் தீர்ந்துவிட்டது. கோடு போட்ட நோட்டைக் கிழித்துக்கொண்டு போகிறேன்.