செவலையின் கயிற்றுக்குப் பக்கத்து ஆணி

ஜூன் 3
ஒரு நிமிடத்தில் அறுபத்தொன்று. எண்பது வேண்டும். கேரளப் பெண் போலீஸ் உடல் தகுதித் தேர்வில் எட்டில் ஐந்து தேற வேண்டும். ஓட்டம், தாண்டல் என்று நாலு எனக்குக் கைவந்தவை. ஐந்தாவது ஸ்கிப்பிங். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. முடியட்டும், அதற்குள் நான் முடித்துவிடுவேன்.

வாசலில் குதித்தால் பொள்ளாச்சி பஸ்ஸே மெதுவாகப் போகிறது. அதனால் தேங்காய் போடும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அத்தைக்குத் தெரியும். மருமகள் போலீசாகப் போகிறாள் என்று கொழிஞ்சாம்பாறை முழுக்கச் சொன்னதே அவர்தான்.

ஜூன் 5
பிளாஸ்டிக் கயிறு அறுந்தது.

ஜூன் 6
அறையில் ஆணியில் ஒரு நூல் கயிறு தொங்கியது. நல்ல கனம், அளந்து வைத்தது போல நீளம். எழுபத்து நாலு!

ஜூன் 9
செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

அத்தை கதவைத் திறந்தார், கயிற்றைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். அது செவலைப் பசுவின் கயிறு. போன மாதம் வேலந்தாவளம் சந்தையில் விற்றபோது கழற்றிக் கொண்டுவந்தது. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கயிறு இருந்தால் லட்சுமி வீட்டில் இருப்பாள். எனக்குத் தெரியாதா? அம்மா வீட்டிலும் அதுதானே வழக்கம்! எண்பது, எண்பது என்று கண்ணை மறைத்துவிட்டது.

"ஊட்டு லட்சுமியப் போட்டு மிதிச்சுப்போட்டயே கண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 10
அத்தை கயிற்றை மஞ்சள் தண்ணீரில் கழுவித் திரும்ப மாட்டிவிட்டார். நான் வெறுங்கையைச் சுழற்றிக்கொண்டு குதித்தேன். கயிறு இல்லாமல் நூறுகூட வரும், என்ன பிரயோசனம்? கோபம் கோபமாக வருகிறது. அத்தை மேல் இல்லை, என் மேல். ஆனால் தேர்வை விடப்போவதில்லை — அது வேறு.

ஜூன் 12
அத்தை சந்தைக்குப் போய்விட்டு வந்தார். பையில் புதுக் கயிறு. என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரர் மோகனிடம் சொன்னார்: "கன்னுக்குங்களா, மாட்டுக்குங்களான்னு கடைக்காரன் கேட்டான். மருமவளுக்குன்னேன்."

இவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்.

ஜூன் 13
அத்தையே கதவோரம் உட்கார்ந்து எண்ணினார். எழுபத்தெட்டு.

"ரண்டுதான பாக்கி? சோறு தின்னுபோட்டு வந்து குதி."

ஜூலை 2
எண்பத்தாறு! தேர்வில் எட்டுக்கு ஆறு தேறினேன். நான்தான் சொன்னேனே.

டிசம்பர் 14
நாளை திருச்சூர். ஒன்பது மாதப் பயிற்சி. பெட்டியில் துணிக்கு மேல் என் கயிற்றை வைத்திருந்தேன், காணோம். தேடிப் போனால் தேங்காய் அறையில், செவலையின் கயிற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது.

"நான் என்ன மாடுங்களா அத்தை?"

அத்தை சிரிக்கவில்லை. "நீ போய்ட்டு வா கண்ணு. கயிறு ஊட்டுல இருக்கட்டும்."

பெட்டியைப் பூட்டிவிட்டேன். திருச்சூரில் வேறு கயிறு வாங்கிக்கொள்ளலாம்.