ஆற்றுக்கு அடியில் ஓடிய ரயில்

அன்புள்ள உங்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல நம் மேக்னா எழுதுகிறாள். பெங்காலியில் படித்த பெண், தமிழ்ப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு, மெட்ரோவில் வந்தோம். ஹவுராவில் ரயில் கிளம்பியபோது மேக்னா மேல் சாய்ந்தேன். பிறகு ஓடுகிற உணர்வே இல்லை.

"ஏண்டி, ரயில் நின்னுடுச்சா?"

"இல்லம்மா, கங்கைக்கு அடியில ஃபுல் ஸ்பீடுல போறோம். எல்லாரும் ஜன்னல்ல நீல லைட்டைப் பாக்கறாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சீரான வேகத்தில் போவதும் சும்மா நிற்பதும் உடம்புக்கு ஒன்றுதான் என்று இத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேனே, ஒருநாளும் உணர்ந்ததில்லை. ஓடுகிறோம் என்று கண் சொன்னதை உடம்பு சொன்னதாக நம்பியிருக்கிறேன். பூமி நம்மைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாகப் பறக்கிறது! அது அசையாமல் இருப்பதாக மனிதர்கள் ஏன் அவ்வளவு காலம் நம்பினார்கள் என்று அந்த இருட்டில் புரிந்தது. பிரேக் போட்டதும் உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. சிரித்துவிட்டேன். மேக்னாதான் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை இவள் கையால் எழுதவைக்க எனக்கு மனமில்லை. பாரதீப் போர்ட்டில் லீவு கேட்டுக்கொண்டு, ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மனைவி