நிக்கலா, தங்க முலாமா

ஆகஸ்ட் 4, 1957, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். குளித்துவிட்டு வந்தும் வேர்வை நிற்கவில்லை.

மாலை மன்றக் கூட்டம். காஜா பெராங் சாலையோரம், வழக்கமான வாடகை வீட்டின் முன்னறை. 31-ஆம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் நாமும் நடப்பதென்று முடிவு. பதாகை, பெண்களுக்குத் தனி வரிசை, வெள்ளைச் சட்டை எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ். நடுவில் கப்பல், கீழே நீலக் கடல், சுற்றிலும் மன்றத்தின் பெயர். படத்தில் யாருக்கும் சண்டையில்லை. எந்த முலாம் என்பதில்தான் கூச்சல். ஒருவர் தங்கம், ஒருவர் வெள்ளி. பின்னாலிருந்து ஒரு குரல்: "தகரமே போதும் லா, ஒரு நாளைக்குத்தானே!"

தலைவர் கோவிந்தன் என் பக்கம் கையைக் காட்டினார். "சபாபதி பாக்கட்டும். துணிக்கடையில நிக்கிறவரு. நெறம் தெரிஞ்ச கண்ணு."

ஆக, என் தலையில்.

பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் கமலம். கோவிந்தனின் தங்கை. மன்றத்தில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருபவர். கணவர் காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள். அண்ணன் வீட்டில் இருக்கிறார். கப்பல் படத்தை மட்டும் கேட்டு வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

ஆக. 6, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், முலாம் பூசும் சீனர் ஆ செங்கின் பட்டறை. ஆற்றோரம். வாசலிலேயே அமிலக் காட்டம், மூக்கு எரிகிறது. கூரையிலிருந்து சைக்கிள் கைப்பிடிகள் வரிசையாகத் தொங்குகின்றன, கோழிக் கடையில் கோழிகள் தொங்குவதுபோல. பெரிய தொட்டி நிக்கலுக்கு. உள்ளே கண்ணாடிப் பாத்திரம் தங்கத்துக்கு, அதை வேறு யாரும் தொடக்கூடாது, அவர் மட்டும்தான்.

அவருடைய மலாய் ஒரு மாதிரி, என்னுடையது ஒரு மாதிரி. சமாளித்தோம். "மாவ் கிலாட், தா மாவ் கிலாட்?" பளபளப்பு வேண்டுமா, வேண்டாமா. அதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டையும் காட்டுங்கள் என்றேன். சிரித்துவிட்டு, எப்போதோ செய்த பித்தளைப் பேட்ஜ்கள் சிலவற்றைக் கம்பியில் கோத்துக் கொடுத்தார். வைத்துப் பார், பிறகு வா.

கொடுத்தவை:
வெறும் பித்தளை, மேலே வார்னிஷ்.
நிக்கல், பளபளப்பு.
நிக்கல், மணலில் தேய்த்து மங்கலாக்கியது.
குரோமியம். கார் பம்பரேதான்.
மருந்தில் கறுக்கவைத்து மேடுகளை மட்டும் துடைத்த பித்தளை. பழைய காசு மாதிரி.
தங்க முலாம்.

நீல வர்ணம் கடைசி வேலையாம். முலாம் முடிந்தபின் பள்ளத்தில் ஊற்றிச் சூட்டில் காயவைப்பார்கள். வர்ணம் ஏறிவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது.

ஆக. 8, வியாழன்

எல்லாவற்றையும் சட்டைக்குள், பனியனில் குத்திக்கொண்டு கடையில் நின்றேன். வேர்வை பட்டால் எது என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. "என்னா சபாபதி, மெடலை உள்ள குத்தியிருக்கீங்க? எந்தப் போர்ல வாங்குனது?" புக்கிட் ரம்பாயிலிருந்து சேலை எடுக்க வந்த குடும்பம் முழுவதும் சிரித்தது.

மாலை கழற்றிப் பார்த்தேன். வார்னிஷ் உரிந்த இடத்தில் பித்தளை, பனியனில் பச்சைக் கறை. கறுத்த பித்தளை அழகு, ஆனால் தூரத்திலிருந்து கப்பலே தெரியவில்லை, அழுக்குப் பித்தான் மாதிரி. குரோமியம் கண்ணைக் குத்துகிறது. இரண்டு நிக்கலும் சுத்தம். தங்கமும் சுத்தம்.

தங்க முலாமை வெள்ளைத் துணி மேல், நீலத் துணி மேல், சிவப்பு மேல் வைத்துப் பார்த்தேன். எதன் மேல் வைத்தாலும் விடிந்தது மாதிரி இருக்கிறது. தங்கம்தான். முடிவு செய்துவிட்டேன், கடைக்கு வந்த மன்றத்து ஆள் ஒருவரிடம் சொல்லியும்விட்டேன்.

ஆக. 11, ஞாயிறு

மழை, விட்டு விட்டு. சைக்கிள் பின் சக்கரம் பஞ்சர். நடந்தே போனேன்.

கூட்டத்துக்கு முன் கோவிந்தன் என்னை வெளியே கூப்பிட்டார். அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர் வேலை. நோயாளியிடம் பேசுகிற மெதுவான குரல். "தங்கம்னு சொல்லப் போறீங்களாமே?"

"ஆமாண்ணே. அதுதான் நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். கமலத்தை நெனச்சுப் பாருங்க. அவ எப்படி அதைக் குத்திக்குவா? எல்லாரும் தங்கத்துல மின்னுவாங்க, இவ ஒருத்தி ஒண்ணும் இல்லாம நடப்பா. இல்லன்னா வரவே மாட்டா."

எனக்கு இது தோன்றவே இல்லை. நகை எதுவும் இல்லாத அந்தக் கை ஞாபகம் வந்தது. கரும்பலகையில் 'அம்மா' என்று எழுதுகிற கை.

கூட்டத்தில் எழுந்து மங்கலான நிக்கல் என்றேன். காரணமாகக் கறை படாது, சிக்கனம், அடக்கம் என்று என்னென்னவோ. முணுமுணுப்பு. "பஸ் கண்டக்டர் பேட்ஜ் மாதிரியில்ல இருக்கும்!" ஒப்புக்கொண்டார்கள். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத்தானே சங்கடம்.

கமலம் இன்று வரவில்லை, தலைவலியாம். வீடு திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. அவருக்காக ஒரு காரியம் செய்தேன். அவருக்குத் தெரியவும் வேண்டாம்.

ஆக. 13, செவ்வாய்

ஆ செங்கிடம் சொல்லியாயிற்று. நிக்கல், மங்கல். தோளைக் குலுக்கினார். "போலே." முடியும் என்பதைத் தவிர அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

புதுச் செருப்பு கடிக்கிறது.

ஆக. 18, ஞாயிறு

பெண்கள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு மன்றம் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. மாதிரி நிக்கல் பேட்ஜ் சட்டைப் பையில். இப்படித்தான் வரப்போகிறது என்று காட்டினேன். கமலம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"தங்கம்னு சொன்னீங்கன்னாங்களே?"

"மொதல்ல அப்படித்தான். அப்புறம் மாத்திட்டேன்."

"ஏன்?"

பொய் வரவில்லை. "உங்களுக்கு ஒத்துவராதுன்னு..."

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "யாரு சொன்னா?"

"அண்ணன்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

இல்லை.

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அவரு போன நாள்லேருந்து எல்லாரும் என்னைக் கேக்காமலே எனக்காக ஒண்ணொண்ணா விட்டுக்கொடுக்கிறாங்க சார். நல்ல மனசுலதான். கல்யாண வீட்டுல என்னை அடுப்படியில உக்கார வைக்கிறாங்க, அதுவும் நல்ல மனசுதான். அந்தப் படத்தைப் பாத்த அன்னிக்கு நெனச்சேன், இது நகை இல்ல, மன்றத்துப் பேட்ஜ், எல்லாருக்கும் ஒண்ணு. இதுல எனக்கும் ஒண்ணு மின்னும்னு."

பேட்ஜைத் திருப்பித் தந்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. குத்திக்கிறேன்."

அப்போதுதான் கேட்டேன். மாற்ற முடியுமோ என்னவோ, கேட்டுப் பார்க்கட்டுமா என்று. நிமிர்ந்து பார்த்தார். "கேக்குறீங்களா? சரி. கேட்டுப் பாருங்க."

வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொன்றும் கேட்டேன். பளபளப்பா, மங்கலா?

"பளபளன்னு."

ஆக. 19, திங்கள்

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆற்றோரம் ஓட்டம். ஆ செங் பட்டறையில் எல்லாப் பேட்ஜும் நிக்கலில் ஊறி எழுந்து, துணி மேல் பரப்பியிருந்தன. பக்கத்தில் நீல வர்ண டப்பா, மூடி திறந்து. தங்கம் வேண்டும், தங்கம், என்று கையால் காட்டினேன்.

சிரித்தார். "பாவா நிக்கல், அத்தாஸ் எமாஸ்." அடியில் நிக்கல், மேலே தங்கம். பித்தளை மேல் நேராகத் தங்கம் ஏற்றினால் சீக்கிரம் கறுத்துவிடுமாம். தங்கம் வேண்டும் என்றிருந்தாலும் முதலில் நிக்கல் தொட்டிதான். ஆக, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மணலில் தேய்ப்பதும் இன்னும் தொடங்கவில்லை, அதற்குப் பிறகு ஊற்றத்தான் வர்ணத்தைக் கலக்கி வைத்திருந்தாராம். டப்பாவை மூடினார். கூடுதல் கூலி என் பொறுப்பு என்றேன். நாளை காலைக்குள் நிச்சயமாகச் சொல் என்றார்.

இந்த முறை யாரையும் கேட்காமல் செய்வதாக இல்லை. மாலை நேரே கோவிந்தன் வீடு. நடந்ததைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"நான் ஒண்ணு சொன்னேன், நீங்க ஒண்ணு செய்றீங்க. நாளைக்கு ஊரு வாய்க்கு யாரு பதில் சொல்றது? நானா, நீங்களா?"

காப்பியோடு வந்த கமலம் திரும்பிப் போகவில்லை. "அண்ணே, நான்தான் கேட்டேன்."

"எல்லாருக்கும் நிக்கல்னா உனக்குக் கஷ்டமில்லன்னுதாம்மா..."

"எனக்காக அத்தனை பேரும் நிக்கல் குத்துறதுதாண்ணே கஷ்டம். நான் எங்கேயும் இல்லாத மாதிரியும் இருக்கு, எல்லாத்துக்கும் குறுக்கே நிக்கிற மாதிரியும் இருக்கு."

கோவிந்தன் காப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடை படிந்துவிட்டது. எனக்கு எழுந்துபோகத் துணிவில்லை, உட்காரவும் துணிவில்லை. கடைசியில், யாரையும் பார்க்காமல், "செய்ங்க" என்றார்.

ஆக. 20, செவ்வாய்

கடை திறக்குமுன் ஆ செங்கிடம் சொன்னேன். எமாஸ். கிலாட்.

மன்றத்து ஆட்களுக்கும் வீடு வீடாகச் சொல்லியாயிற்று. புக்கிட் பாரு வரை சைக்கிள். யாருக்கும் மறுப்பில்லை. தகரம் கேட்டவர், "அப்பவே தங்கம்னு சொன்னேனே" என்கிறார்.

ஆக. 27, செவ்வாய்

பேட்ஜ் கைக்கு வந்தது. நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் நீலம் வழிந்து கப்பல் பாதி மூழ்கியிருந்தது. அதை எனக்கு வைத்துக்கொண்டேன். ஆ செங்கும் ஒன்று கேட்டார். கொடுத்தேன். அழுக்குப் பனியனிலேயே குத்திக்கொண்டார்.

கோவிந்தனிடம் அவர் வீட்டுக்கு இரண்டு. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பார்க்கவில்லை.

ஆக. 30, வெள்ளி

நகரம் முழுக்கக் கொடி. கடையில் வெள்ளைத் துணி தீர்ந்துவிட்டது. முதலாளி பூரிப்பில் எல்லோருக்கும் நாசி பிரியாணிச் சோறு. நாளைக்குக் கமலம் வருவாரா தெரியவில்லை. கேட்கப் போகவில்லை. சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி. முதுகில் லேசாகத் தீய்ந்துவிட்டது. பரவாயில்லை, முதுகுதானே.

ஆக. 31, சனி

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். எங்கு பார்த்தாலும் தலை. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள். "மெர்டேக்கா", விடுதலை, என்ற சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. நானும் கத்தினேன். தொண்டை போய்விட்டது.

கமலம் வந்தார். வெளிர்நீலச் சேலை, இடது தோளில் பேட்ஜ். வெயில் பட்டபோதெல்லாம் அது மின்னியது. வேறு நகை இல்லை. பெண்கள் வரிசையில் நடுவில் நடந்தார்.

பாதையோரம் நின்ற ஓர் அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம், நன்றாகக் கேட்கும்படி: "அது கோவிந்தன் தங்கச்சி இல்ல? என்னாடி, மினுக்கிக்கிட்டு வர்றா!"

கமலம் தலையைத் திருப்பவில்லை. ஆனால் நடை கொஞ்சம் தடுமாறியது. பதாகையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த கோவிந்தன் காதிலும் விழுந்துவிட்டது. பதாகைக் கம்பை என் கையில் திணித்தார். பின்னால் போனார். பெண்கள் வரிசையில் தங்கை பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார், ஒரே ஆண். தங்கையின் சேலையில் சற்றுச் சாய்ந்திருந்த பேட்ஜை நடந்துகொண்டே நேராக்கிவிட்டார். கடைசி வரை அங்கேயே நடந்தார். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி திரும்பிப் பார்த்து, முன்னால் போனவரின் செருப்பை மிதித்துவிட்டேன்.

கலைந்தபிறகு திடலோரம் ஐஸ் தண்ணி. கோவிந்தன் ஆஸ்பத்திரி நண்பர்களோடு. கமலம் கண்ணாடிக் குவளையோடு என் பக்கம் வந்தார். என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "உங்க கப்பல் முழுகுதே" என்றார்.

"இது மட்டும் அப்படி வந்துடுச்சு."

சிரித்தார். குவளையிலிருந்த ஐஸைச் சுற்றிச் சுற்றி ஆட்டினார். பிறகு, மெதுவாக, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே: "என்னைக் கேக்க வேண்டியது வேற ஏதாச்சும் இருக்கா சார்?"

இருக்கிறது என்றேன். அங்கேயே, அந்தச் சத்தத்தில், போன தொண்டையோடு, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்க வேண்டியதாயிற்று, காதில் விழவில்லையாம். விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குவளையைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."